எண்பது வெள்ளி வால்வு

சிவகாமசுந்தரிக்குக் காது போனது மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பதினோரு நாள் விடாத காய்ச்சல். கிடைத்த கசப்பு மருந்தையெல்லாம் கரைத்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தபோது அம்மா எதிரில் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்; சத்தம் வரவில்லை. காய்ச்சல் கெடுத்ததா, மருந்து கெடுத்ததா என்று சொல்வதற்கு அந்த நாளில் டாக்டர் யாரும் அகப்படவில்லை. முழுக்கப் போய்விடவும் இல்லை. பக்கத்தில் ஒரு தகரத்தைப் போட்டால் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஏதோ கேட்கும். மனிதக் குரல் கேட்காது.

தையல் கற்றுக்கொண்டாள். மிஷின் சரியாக ஓடுகிறதா என்பது மிதிக்கிற காலுக்கே தெரிந்துவிடும், அதற்குக் காது வேண்டியதில்லை. மலாக்காவில் கஜா பெராங் பகுதியில் வாடகை வீட்டின் முன்னறையில் மிஷினைப் போட்டு, பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்தாள். ஒரு பக்கம் தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டி குடும்பங்கள், எதிர் வரிசையில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழர்கள். இரண்டு மொழியையும் உதட்டைப் பார்த்தே படித்தாள். மலாய்தான் சுலபம், தமிழில் பாதி எழுத்து நாக்குக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது என்பாள். அவள் பேச்சு கொஞ்சம் உரக்கவும் ஏற்ற இறக்கம் இல்லாமலும் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் பொன்னுதுரை அவளைக் கட்டினான். அவன் பஸ் கண்டக்டர். மலாக்கா டவுனிலிருந்து செங், குருபோங் பக்கம் போகிற பஸ். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல். காது கேட்காத பெண்ணையா கட்டுகிறாய் என்று கேட்டவர்களிடம், "நாள் பூரா நான் கத்தறத எல்லாரும் கேக்கறாங்க. வீட்ல ஒருத்தி கேக்காம இருந்தா நிம்மதிலா" என்று சொல்லிச் சிரிப்பான். கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்திரண்டில் ஜெயா பிறந்தாள். குழந்தை ஒரு விசித்திரமான பழக்கத்தோடு வளர்ந்தது. அப்பாவிடம் வாய்விட்டுப் பேசும். அம்மாவின் பக்கம் திரும்பியதும் சத்தத்தை அணைத்துவிட்டு உதட்டை மட்டும் அசைக்கும். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷத் தொடக்கத்தில், சிவகாமசுந்தரி கவுன் தைத்துக் கொடுத்த ஒரு ரப்பர் கம்பெனி துரையின் மனைவி ஊருக்குக் கப்பல் ஏறினாள். போவதற்கு முன் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். அவளுடைய தாயார் மாட்டிக்கொண்டிருந்த காது மிஷின். தாயாருக்கு இங்கிலாந்தில் புது மாதிரி மிஷின் வந்துவிட்டதாம். இது இனி வேண்டாமாம். மார்பில் தொங்கவிடும் உலோகப் பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் காதில் செருகும் பொத்தான். பெட்டிக்குள், ரேடியோவில் இருப்பதுபோல, ஆனால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மூன்று கண்ணாடி வால்வுகள். கூடவே பஞ்சில் சுற்றிய வால்வு ஒன்று உபரியாக இருந்தது.

புங்கா ராயா தெருவில் ரேடியோ கடை வைத்திருந்த சிஹாபுதீன் அதைத் துடைத்து, புது பாட்டரி போட்டு, அவள் காதில் செருகிவிட்டார். கடைக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயா ஓடி வந்து அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் வழியிலேயே கெட்டுவிட்டது என்று சிவகாமசுந்தரிக்கு முகம் சுண்டியது. பொன்னுதுரைக்குத்தான் விஷயம் புரிந்தது.

"பாப்பா, வாய்விட்டுப் பேசு. அம்மாவுக்கு இப்பக் கேக்கும்."

குழந்தை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. பிறகு மெல்ல, "அம்மா, பசியாறிட்டியா?" என்றது.

சிவகாமசுந்தரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. கடைசியில் குழந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் திரும்பினாள்.

"நீங்க பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"ஐயோ, இவ்ளோ கரகரப்பா உங்க குரலு?"

"கத்திக் கத்தி அப்படி ஆயிடுச்சு. முன்ன நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த பிப்ரவரியில் சுதந்திரத் தேதியை அறிவிக்கிற கூட்டத்துக்கு ஊரே பாடாங் மைதானத்தில் திரண்டது. அவர்களும் போனார்கள். கூட்டம் போட்ட முழக்கம் காதுக்குள் இடிபோல் இறங்கியதில் அவளுக்குத் தலை சுற்றி, சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மிஷினை அணைத்த பிறகுதான் நிமிர முடிந்தது. அவள் விரும்பிய சத்தங்கள் வேறு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கோப்பியை ஆற்றிக்கொண்டே பொன்னுதுரை அன்றைய பஸ் கதையைச் சொல்வான். கோழிக்கும் டிக்கெட் கேட்டதற்காகச் சண்டை போட்ட கிழவி, செங்கில் ஏறி செங்கிலேயே இறங்கிய குடிகாரன். அவள் உதட்டைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். பார்க்காமல் கேட்பது அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது.

ஐம்பத்தேழு செப்டம்பரில், சுதந்திரக் கொடியின் சாயம் வெளுப்பதற்குள், ஒரு வால்வு எரிந்து போயிற்று. உபரியாக இருந்ததை சிஹாபுதீன் மாட்டிக் கொடுத்தார். வேலை செய்தது.

"இன்னும் ரெண்டு வாங்கி வெச்சுக்குங்க பொன்னுதுரை" என்றார். "போன வருஷம் ஒன்னு எட்டு வெள்ளி. இப்ப சிங்கப்பூர்ல இருபத்தஞ்சு சொல்றான்."

"எதுக்கு பாய் ஏறுது? பழைய சரக்குதானே?"

"செய்யறத நிப்பாட்டிட்டாங்க. இப்ப எல்லாம் டிரான்சிஸ்டர். வால்வு வெச்ச காது மிஷின எந்த கம்பெனியும் செய்யறதில்ல."

"அப்ப வெல எறங்கணுமே! யாருக்கும் வேணாம்னுதானே நிப்பாட்டுனான்?"

சிஹாபுதீன் எரிந்துபோன வால்வை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "புதுசா வாங்கறவனுக்கு வேணாம். ஒங்க வீட்ல இருக்கிற பெட்டிக்கு வேணும்ல? இதோட கம்பிய பாருங்க. வேற வால்வு இந்த ஓட்டையில உக்காராது. உக்கார வெச்சாலும் பாடாது. அந்தப் பெட்டிய வெச்சிருக்கறவன் எத்தன பேரோ, அத்தன பேரும் இதத்தான் தேடுவான். செய்யற ஆளு இல்ல. மிச்சம் கெடந்தத சிங்கப்பூர்ல ஒரு வியாபாரி மொத்தமா வாங்கிப் போட்டுட்டான். நாளுக்கு நாள் எரியுது, கொறையுது."

"அதுக்குன்னு அவன் இஷ்டத்துக்கா?"

"அவன் ஒரே ஒரு கணக்குதான் பாக்கறான். புது மிஷின் முந்நூத்தி எண்பது வெள்ளி. அத வாங்க முடியாதவன் இதுக்கு எவ்ளோ வரைக்கும் குடுப்பான்? அது வரைக்கும் ஏத்துவான். புதுசு வெல எறங்கற வரைக்கும் இது எறங்காது."

பொன்னுதுரை வாங்கிவிடலாம் என்றுதான் சொன்னான். சிவகாமசுந்தரிதான் தடுத்தாள். தீபாவளி வருகிறது, கூரையில் ஒழுகல், உள்ளே மூன்றும் நன்றாகத்தானே எரிகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றாள். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை அவள் பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நொந்திருக்கிறாள்.

ஐம்பத்தெட்டு கடைசியில் குரல்கள் தூரம் போகத் தொடங்கின. முதலில் மழை கேட்கவில்லை. பிறகு மிஷினை முழுக்கத் திருகினால்தான் பேச்சு கேட்டது. சிஹாபுதீன் சோதித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் இழை தேய்ந்துகொண்டு வருகிறது என்றார். எரிகிற நேரத்துக்குத்தான் ஆயுசு. அணைத்து வைத்தால் அத்தனை நாள் கூட வரும். புது வால்வு இப்போது எண்பது வெள்ளி. பொன்னுதுரையின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அது.

அடுத்து வந்த ஜனவரியில் ஜெயா தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, அன்றைய பாடத்தை அம்மாவிடம் உரக்க வாசிப்பாள். பொன்னுதுரை அதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தான். அன்று சாயங்காலம் கோப்பியை வைத்துவிட்டு மிஷினை மாட்டப்போன மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"எனக்காகப் போடாத. பாப்பா படிக்கிற நேரத்துக்கு மட்டும் வெச்சுக்க."

"அப்ப நீங்க?"

"நான் பேசறதத்தான் ஒனக்குப் பாத்தே தெரியுமே. அஞ்சு வருஷம் அப்படித்தானே இருந்தோம்?"

அவள் கொஞ்சம் வாதாடினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது என்று கேட்டாள். அதற்கும் அவன் தலையை அசைத்தான். வால்வு வாங்கியதும் காது வலிக்கிற வரைக்கும் பேசுகிறேன் என்றான். அதிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம், ஜெயாவுக்கு மட்டும். பாடம் முடிந்ததும் மிஷினை நீலத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னுதுரை கூடுதல் நடை வேலைக்கு எழுதிக் கொடுத்தான். சுருட்டுப் பிடிப்பதை விட்டான். அந்த வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் எண்பது வெள்ளியும் சேர்ந்தது. கொண்டுபோய் சிஹாபுதீனின் மேசையில் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

"நூத்திப் பத்துக்கு ஏத்திட்டான் பொன்னுதுரை. நேத்துதான் கடுதாசி வந்துச்சு."

பொன்னுதுரை நோட்டுகளை மறுபடி எண்ணினான். "இன்னும் ஆறு ஞாயிறு" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாவது ஞாயிறு அக்டோபர் மாதத்தில் வந்தது. காலையிலிருந்து மழை. குருபோங்கிலிருந்து திரும்புகிற வழியில், எதிரே வந்த மண் லாரிக்கு ஒதுங்கிய பஸ் ஒரு சின்னப் பாலத்தின் கைச்சுவரை உரசிக்கொண்டு போனது. படியில் நின்றிருந்த பொன்னுதுரை அதில் அடிபட்டுக் கீழே விழுந்தான்.

செய்தி சொல்ல வந்தது டிரைவர் நடராஜன்தான். சட்டையெல்லாம் சேறு. வாசலில் நின்று ஏதோ சொன்னான். உதடு நடுங்கியதில் சிவகாமசுந்தரியால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப, "என்ன? என்ன?" என்று உரக்கக் கேட்டாள். நடராஜன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். ஜெயாதான் அம்மாவின் சேலையை இழுத்து, தன் பக்கம் திருப்பி, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்: அப்பா பஸ்லேர்ந்து விழுந்துட்டாரு.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டிய சேலையோடு ஓடினாள். அலமாரி ஞாபகமே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பொன்னுதுரைக்குத் தலையிலிருந்து தாடை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். வாய் வீங்கி ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனால் நினைவு இருந்தது. அவளைப் பார்த்ததும் பேசினான். கட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு பார்வையில் படித்த உதடு.

"என்ன சொல்றாரு?" என்று நடராஜனிடம் கேட்டாள்.

நடராஜன் இந்தத் தடவை நிதானமாக வாயைத் திறந்து சொன்னான். "டிக்கெட் பை எங்கன்னு கேக்கறாரு அண்ணி. ஆபீஸ்ல குடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"தம்பி, ஓடிப்போயி என் காது மிஷின எடுத்துட்டு வா. அலமாரியில நீலத் துணிப்பை."

நடராஜன் போய் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் பொன்னுதுரை நிறையப் பேசினான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினான். ஒருதடவை சிரித்ததுபோலவும் இருந்தது. கட்டிலருகே ஒரு சீன நர்ஸ் மிஸ்ஸி நின்றிருந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது. சிவகாமசுந்தரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். கேட்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

மிஷின் வந்தபோது அவன் கண்ணை மூடியிருந்தான். அவள் பொத்தானைக் காதில் செருகி, பெட்டியைத் தலையணையில் அவன் வாய்க்கு அருகில் வைத்து, முழுக்கத் திருகினாள். தேய்ந்த வால்வு அன்று ஏமாற்றவில்லை. அவன் மூச்சு கேட்டது. கரகரவென்று, இழுத்து இழுத்து. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மூச்சு மட்டும்தான் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதையே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அது நின்ற பிறகும் பொத்தானை எடுக்கவில்லை. மிஸ்ஸிதான் வந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் சிஹாபுதீன் வந்தார். ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் தையல் மிஷின் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, சிங்கப்பூருக்கு நானே போயி வாங்கியாந்தேன். காசு வேணாம். மாட்டிக்க."

சிவகாமசுந்தரி பெட்டியைப் பார்த்தாள். "இது இப்ப என்ன வெல?"

"அத விடு."

"சொல்லுங்க பாய்."

"நூத்தி இருவது."

"ஞாயித்துக்கெழம அவரு போனது இதுக்குத்தான்" என்றாள். அவள் குரல் எப்போதும்போல் ஒரே மட்டத்தில் இருந்தது; அதனால் கோபமா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. "எடுத்துட்டுப் போங்க. வேற யாராச்சும் தேடிக்கிட்டு இருப்பாங்க. அவங்க வீட்ல குடுங்க."

அவர் வற்புறுத்தினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்க்காதபோது அவளிடம் எதையும் சொல்ல முடியாது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து சிரம்பானிலிருந்து வந்த ஒரு பள்ளி வாத்தியார் அதை வாங்கிப்போனார்.

அடுத்த வருஷம் மே மாதம், ஜெயா பாடம் வாசித்துக்கொண்டிருக்கும்போது மிஷின் நின்றது. ஒரு சொல்லின் நடுவில் நின்றது. குழந்தைக்குத் தெரியவேண்டாம் என்று சிவகாமசுந்தரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரளும்போது தலையை ஆட்டினாள். பதினைந்து நாள் அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் ஜெயா புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வீட்ல தீப்பிடிச்சிருச்சு" என்று வாசித்தாள். அம்மா தலையாட்டினாள். ஜெயா புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் சிவகாமசுந்தரி புங்கா ராயாவுக்குப் போனாள். என்ன விலையானாலும் சரி, பேசாமல் வாங்கிவிடுவது என்று கணவன் சேர்த்து வைத்ததையும் தான் தைத்துச் சேர்த்ததையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சிஹாபுதீன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் எழுதினார். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று.

"இனிமே வெலையே இல்ல தங்கச்சி" என்று உதட்டைத் தெளிவாக அசைத்துச் சொன்னார். "இருந்தாத்தானே வெல? யார்கிட்டயும் ஒன்னுகூட இல்ல. நான் அன்னிக்கு அத எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது."

"எடுத்துட்டுப் போகச் சொன்னது நான்தானே பாய்" என்றாள் அவள்.

அவர் கடைசி வரைக்கும் அதை மறக்கவில்லை. டிரான்சிஸ்டர் மிஷின் விலை இறங்க இறங்க, வருஷா வருஷம் சொல்லி அனுப்பினார். முந்நூறு, இருநூற்று நாற்பது, நூற்று எண்பது. அறுபத்தாறில் நூற்று முப்பதுக்கு வந்தது. பத்து மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்தார். நெருப்புப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரே பாட்டரி, குரல்கள் கண்ணாடிபோல் தெளிவு. பழையதில் இருந்த இரைச்சல் இல்லை. பதினான்கு வயது ஜெயாவின் குரல் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. யாரோ பெரிய பெண் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. ஆறு வருஷம் கேட்காமல் விட்ட பேச்சையெல்லாம் கேட்டுத் தீர்ப்பதுபோல் அவளைப் பேசவைத்தாள்.

ஒரு சாயங்காலம், சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஜெயா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

சிவகாமசுந்தரி மிஷின் மிதிப்பதை நிறுத்தினாள். "ஏன், ஒனக்குத் தெரியாதா? ஏழு வருஷம் கேட்டவதானே நீ?"

"மொகம் தெரியும். சாயங்காலம் சட்டையில வேர்வ வாசம் தெரியும். குரல் மட்டும் போயிடுச்சும்மா. எவ்ளோ யோசிச்சாலும் வரல." ஜெயா நூலை விரலில் சுற்றினாள். "நீங்க மூணு வருஷம் கேட்டீங்கல்ல? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

கரகரப்பாக இருக்கும் என்றாள். அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. சிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும் என்றாள். கோப்பி சூடாக இருந்தால் சொல்லின் நடுவில் ஊதுவார் என்றாள். பிறகு, அவன் சொல்வதுபோலவே ஒரு தடவை சொல்லிக்காட்ட வாயைத் திறந்தாள். பதினைந்து வயதில் நின்றுபோன அவள் குரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. தட்டையாக வந்த தன் குரலைப் புது மிஷினில் தெளிவாகக் கேட்டாள். இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை முயலவில்லை.

ஜெயா ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். மகள் அழும் சத்தத்தை சிவகாமசுந்தரி அன்றுதான் முதன்முதலாக முழுக்கக் கேட்டாள். கேட்டுத் தாங்க முடியாமல் பொத்தானைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.